இருபத்தோராவது ஆள்

நான் செயலாளராகி நடத்திய முதல் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் இடாப்பை உரத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

“கந்தையா.”

“மோசம் போட்டார்” என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல்.

“கனகரத்தினம்.”

“கனடா.”

“கார்த்திகேசு.”

“அவரும் மோசம் போட்டார்.”

“குணசிங்கம்.”

“லண்டன். இல்லை, இல்லை, இப்ப மகளோடை சுவிஸிலை.”

இப்படியே போனது. ஒரு பேருக்குக் காலன் பதில் சொன்னான், அடுத்த பேருக்கு விமானம் பதில் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடாப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

“ரவீந்திரன்.”

யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரோ கதிரையை இழுத்துப் போட்டார்கள். நான் தலையை நிமிர்த்தி, “இவர் எங்கை?” என்று கேட்டேன். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதிலும் அதிக காலம் கொழும்பில் இருந்தவள். ஆகவே கேட்டேன்.

“அடுத்த பேரை வாசியும் பிள்ளை” என்றார் தலைவர்.

அன்றைய கூட்டம் கூடாமலே கலைந்தது. கோரம் இல்லை.

கோரம் என்னும் பூதம்

இந்தத் தொடரில் எங்கள் மன்றத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நீர்வேலிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சின்னக் கலை மன்றம். ஒரு மண்டபம், ஒரு மேடை, இரண்டு அலுமாரி. இதை நடத்துவதில் எழுதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது?

நாடகம் போடுவது சுலபம், ஐயா. பொதுக்கூட்டம் கூட்டுவதுதான் கஷ்டம்.

ஒரு கூட்டம் செல்லுபடியாவதற்கு இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்ற கணக்குக்குத்தான் கோரம் என்று பேர். எங்கள் மன்றத்தின் யாப்பை, அதாவது சட்டதிட்டங்களை, எழுதியவர் ஒரு தமிழ்ப் பண்டிதர். உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் சமுகமளிக்காவிடின் கூட்டம் கூடியதாகக் கொள்ளப்படமாட்டாது என்று அழகான தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் மண்டபத்தின் யன்னல் கம்பிகளில் சனம் தொங்கிக்கொண்டு நிற்குமாம். ஆள் வராத ஒரு நாளை அவர் எப்படிக் கற்பனை செய்திருப்பார்?

இடாப்பில் ஒரு பெருங்கூட்டமே இருந்தது. ஊரில் இருந்ததோ அதில் கொஞ்சப் பேர். செத்தவர்களையும் வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்த்து மூன்றால் பிரித்தால் வரும் எண்ணிக்கையை ஊர்க் கோயில் தேருக்கும் கூட்ட முடியாது. ஆகவே பல வருடங்களாகப் பொதுக்கூட்டம் கூடவில்லை. புதிய உறுப்பினரைப் பொதுக்கூட்டத்தில்தான் சேர்க்கலாம் என்பதால் புதிதாக ஒருவரும் சேரவில்லை; கலியாணமான புதிதில் சேர்ந்த நான்தான் கடைசி ஆள். புதியவர் சேராததால் கோரம் வரவில்லை. நாய் தன் வாலைக் கடிக்கச் சுற்றுவதுபோல மன்றம் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

செத்தவர்களின் பேரை எடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். தலைவர் சோமலிங்கம் மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓய்வுபெற்ற அதிபர். ஒரு பார்வையில் வகுப்பை அடக்கிப் பழகியவர்.

“இடாப்பிலை ஒருத்தற்றை பேரையும் வெட்டுறேல்லை, பிள்ளை. இஞ்சை அது வழக்கமில்லை. அப்பாவின்ரை பேரை வெட்டிப் போட்டாங்கள் எண்டு தலைமுறை தலைமுறையாய்க் கதைப்பினம்.”

ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள்

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகவே இருந்திருக்கும், சிவமலர் இல்லாவிட்டால்.

சிவமலருக்கு ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணக் கடற்கரைக் கொழும்புத்துறையில் நண்டு பதனிடும் ஒரு கொம்பனியில் வேலை. விடிய முதல் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வருவார். ஞாயிறு பின்னேரங்களில் எட்டுப் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் மண்டபத்தில் நாடகம் பழக்குவார். ஒருவர் தையல்காரி, ஒருவர் தாதி, இரண்டு பேர் வாழைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்கள். அப்போது அவர்கள் பழகிக்கொண்டிருந்தது பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைப் பற்றிய நாடகம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வெளிநாட்டில். ஊரில் மூன்று பெண்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே வீட்டுப் பூட்டின் திறப்பை வைத்திருக்கிறார்கள். சிவமலரே எழுதியது. நான் ஒத்திகை பார்க்கப் போய் வயிறு நோகச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பெண்களில் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. எங்கள் மேடையில் அந்த நாட்களில் நடந்த ஒரே கலை அவர்களுடையது. ஆனால் மன்றத்தில் அவர்களுக்கு ஒரு கதிரைகூடச் சொந்தமில்லை.

இந்தச் சமயத்தில் பிரதேச செயலகத்தில் கலாசாரப் பிரிவுக்குப் பொறுப்பான பிள்ளை ஒரு கடிதம் அனுப்பினா. இந்த முறையும் முறைப்படி பொதுக்கூட்டம் கூடாவிட்டால் மன்றத்தின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று எழுதியிருந்தது. நிர்வாகத்தில் சிலருக்கு அது கவலையாகவே இல்லை. பதிவு போனால் மண்டபத்தை ஒரு ரியூசன் நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கூடினால் சிவமலரின் பெண்கள் உறுப்பினர். கூடாவிட்டால் அவர்கள் தெருவில்.

நான் அந்தப் பிள்ளையிடம் போய் நியாயம் கேட்டேன். அவ நல்ல பிள்ளை. இடாப்பை மூன்று பக்கமாகப் பிரிக்கச் சொன்னா. ஊரில் இருப்போர், வெளிநாட்டில் இருப்போர், காலமானோர். முதல் பக்கத்தை மட்டும் கோரக் கணக்குக்கு எடுத்தால் போதும். காலமானோர் பக்கத்துக்கு மாற்றும் ஒவ்வொரு பேருக்கும் குடும்பத்தவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும்.

வீடு வீடாய்

நான் கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ஆள் செத்ததற்கு அத்தாட்சி கேட்பதுதான் என் தொழில். மரணச் சான்றிதழ் இல்லாமல் அழுதுகொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது ஊரெல்லாம் அலைகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வெட்டுகிறோம் என்று சொல்லாமல், ‘காலமானோர் பக்கத்தில் வைக்கிறோம்’ என்று சொன்னதும் வீடுகள் திறந்துகொண்டன. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஒரு வீட்டில் படம் தந்து அதையும் மண்டபத்தில் மாட்டச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா, “இவர் ஒரு கூட்டத்துக்கும் போகேல்லை, ஒரு நாடகமும் பாக்கேல்லை. எண்டாலும் முதலாவதாய்ப் போடுங்கோ” என்றார். ஒரு மகன் தகப்பனின் உறுப்புரிமை தனக்கு முதுசமாக வரவேண்டும் என்று வாதாடினார். அதைவிட ஒரு மகள், முன்வரிசையில் தகப்பன் இருந்த கதிரை தனக்குச் சீதனமாகப் பேசப்பட்டது என்று சொன்னார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செத்தவர்கள் இப்படி ஒத்துழைக்க, உயிரோடு இருந்தவர்கள்தான் என்னைப் படுத்தினார்கள். ரொறொன்ரோவில் இருந்து ஒருவர் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வட்ஸ்அப்பில் எடுத்தார்.

“என்னை உயிரோடை வெட்டுறியளோ?”

“வெட்டேல்லை அண்ணை. உங்களை வெளிநாட்டார் பக்கத்திலை போட்டிருக்கிறம்.”

“நான் வெளிநாட்டானோ? நான் உந்த மண்டபத்துக்குக் கல்லு சுமந்தவன்!”

ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அவர் மேடையில் பெண் வேடம் கட்டிய கதை வரை போனது. கடைசியில் அந்தப் பக்கத்துக்கு ‘கடல்கடந்த உறுப்பினர்’ என்று பேர் வைப்பதாக உடன்பாடு வந்தது. அந்தப் பேர் அவருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

தலைவர் வீட்டுக்கும் போனேன். அவருடைய தகப்பனார், பெரியப்பா, ஒரு மாமா என்று மூன்று பேர். மாஸ்டரின் மனைவி ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்தார். நான் எழும்பப் போகும்போது, “இவற்றை தம்பியாரின்ரை பேரையும் அந்தப் பக்கத்திலை போடும் பிள்ளை. பஞ்சலிங்கம்” என்றார்.

“அவர் எப்ப காலமானவர், அக்கா?”

“அது கனகாலம்.”

அதற்கும் கையெழுத்து வைத்தார். மாஸ்டர் அதே விறாந்தையில்தான் இருந்தார். பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். தம்பியின் துக்கம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் வந்துவிட்டேன்.

ரவீந்திரன் யார் என்பதும் அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் மேடைத் திரைகளில் சீன் வரைந்த கலைஞர். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வன்னியில் காணாமல் போனவர். சிவமலரின் கணவர்.

எனக்குத் தெரியாமல்தான் அன்று கூட்டத்தில் ‘இவர் எங்கை’ என்று கேட்டேன். தெரிந்த பிறகு அந்தக் கேள்வியை நினைத்து வெட்கப்பட்டேன். அவர் வீட்டுக்கு மட்டும் நான் தாளோடு போகவில்லை. ரவீந்திரனின் பேரை ஊரில் இருப்போர் பக்கத்தில் இருந்தபடியே விட்டேன்.

ஒரு பேர் குறைந்தால்

முதல் பக்கத்தில் அறுபத்தொரு பேர் தேறினார்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் இருபத்தொரு பேர் வரவேண்டும். பலர் படுக்கையில், சிலர் கொழும்பில் பிள்ளைகளோடு, இன்னும் சிலர் ஒருவரோடொருவர் கோபம் என்பதால் ஒரே கூரைக்குக் கீழ் வரமாட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கெஞ்சி, ஏசி, சிலரைக் கையோடு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தேன்.

ஞாயிறு நான்கு மணி. கையெழுத்துப் புத்தகத்தில் எண்ணினேன். இருபது.

வாசல் விறாந்தையில் சிவமலரும் அவருடைய பெண்களும் விண்ணப்பப் படிவங்களோடு காத்து நின்றார்கள். தையல்காரி நல்ல சேலை கட்டி வந்திருந்தா. நான் திரும்பத் திரும்ப எண்ணினேன். எண்ணுவதால் ஆள் கூடுமா என்ன?

தலைவர் என்னை மேசைக்குக் கிட்டக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார். ஆனால் சின்ன மண்டபம், எல்லாருக்கும் கேட்டது.

“அறுபத்தொண்டிலை ஒண்டு குறைஞ்சால் அறுபது. அறுபதுக்கு இருபது காணும்.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

“ரவியின்ரை பேரை மற்றப் பக்கத்துக்கு மாத்தினால் இப்பவே கூட்டத்தைத் துவங்கலாம். பெண்சாதி வெளியிலைதானே நிக்கிறா. ஒரு கையெழுத்து. அவவுக்கும் நல்லதுதானே, இண்டைக்கே உறுப்பினராகலாம்.”

அவர் கொடுமைக்காரர் இல்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கோபமாக இருந்தது. அதைவிடக் கோபம் என்மேல், ஏனென்றால் நானும் அந்தக் கணக்கை மனதுக்குள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தேன். தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். போயிருக்கக் கூடாது. போனேன்.

சிவமலர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நான் வாய் திறக்க முதல் அவரே கதைத்தார்.

“நான் உள்ளுக்கை வாறதெண்டால் அவரை வெளியிலை விடவேணும். அப்பிடித்தானே அக்கா?”

நான் தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“இந்தக் கையெழுத்தை எத்தினை பேர் என்னட்டைக் கேட்டிட்டினம் தெரியுமோ? அந்தக் கந்தோர், இந்தக் கந்தோர், விசாரிக்க வந்த ஆக்கள். ஒருத்தருக்கும் நான் வைக்கேல்லை. நாடகம் போட இடம் வேணுமெண்டு உங்களுக்கு வைக்கிறதோ?”

அழவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் தள்ளினேன்.

அவர் முகத்தை என்னிடமிருந்து திருப்பிச் சுவரைப் பார்த்தார். மூன்று பக்கங்களையும் பிரதி எடுத்து, பிழை இருந்தால் சொல்லட்டும் என்று நான் அங்கே ஒட்டியிருந்தேன். காலமானோர் பக்கத்தில் அவருடைய விரல் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“உவர் எப்ப செத்தவர்?”

எட்டிப் பார்த்தேன். பஞ்சலிங்கம்.

“கனகாலமாம். தலைவற்றை தம்பி.”

“அக்கா, உவர் நேற்றுக் காலமை எனக்குப் பாண் தந்தவர்.”

நீர் கேக்கேல்லையே

கூட்டத்தை அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், இந்த ஊரிலேயே பிறந்தவர். அன்று வந்த இருபது பேரில் ஒருவர். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் இருந்தேன்.

“பஞ்சலிங்கம் அண்ணை உயிரோடை இருக்கிறாரோ?”

“ஓம்.”

“சுவரிலை ஒட்டியிருந்த பக்கத்தைப் பாத்தனீங்களோ?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீர் கேக்கேல்லையே.”

கையில் பிடித்திருந்த சாமானை எறியாமல் விட்டது என் நல்ல குணம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைப் பிடுங்கினேன். பஞ்சலிங்கத்தாரின் ஒரே மகள் கொழும்புத்துறைக் கடற்தொழில் குடும்பத்துப் பெடியனை விரும்பிக் கட்டியிருக்கிறாள். தகப்பன் எதிர்க்கவில்லை. தானே முன்னுக்கு நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். அது பதினொரு வருடத்துக்கு முந்தின கதை. அதோடு அவர் மகளிடம் போய்விட்டார். அந்த வருடமே தன் தாய் செத்தபோது வந்தவரைப் படலைக்கு வெளியே நிற்க விட்டார்களாம். சாதி என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லாமலே காரியங்கள் நடக்கும்.

எனக்கு அன்றிரவு படுக்கையில் ஒரே யோசனை. ரொறொன்ரோவுக்குப் போனவர் எங்களுக்கு ஊர்க்காரர். சுவிஸில் இருப்பவரை எந்த மகளோடு இருக்கிறார் என்பது வரை தெரியும். பஸ்ஸில் போய் அரை நாளில் திரும்பக்கூடிய கொழும்புத்துறைக்குப் போனவரைச் செத்தவராக்கி, வரிசையில் போட்டு, நானே சுவரில் ஒட்டியிருக்கிறேன். மரணச் சான்றிதழ் இல்லாமல் ஒரு சதமும் அசைக்காத நான், ஒரு பெரிய மனுசியின் வாய்ச்சொல்லை நம்பியிருக்கிறேன். பெரிய இடம் என்றவுடன் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். என் பிழை அதுதான்.

பாண் கடை

செவ்வாய் பின்னேரம், சிவமலர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து நான் கொழும்புத்துறைக்குப் போய் அவரையும் கூட்டிக்கொண்டேன். கடல் வாடை அடிக்கும் ஒழுங்கையில் பேக்கரிப் பாண் விற்கும் ஒரு சின்னக் கடை. பஞ்சலிங்கத்தார் பாண் பெட்டிக்குப் பின்னால் முக்காலியில் இருந்தார். அண்ணனின் அதே நெற்றி. ஆனால் சிரிக்கப் பழகிய வாய்.

நான் மன்னிப்புக் கேட்டு, பக்கத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தன் பேரை மட்டுமல்ல, பக்கம் முழுவதையும் வாசித்தார்.

“கார்த்திகேசுவும் போட்டாரோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை” என்று வருத்தப்பட்டார். பிறகுதான் தன் பேருக்கு வந்தார். “இதுக்கு ஆர் கையெழுத்து வைச்சது?”

“மாஸ்டரின்ரை மனுசி.”

“அண்ணை வைக்கேல்லையோ?”

“இல்லை.”

ஒரு சின்னப் பெண் வந்து பாண் கேட்டாள். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

சிவமலர் நேரே விசயத்துக்கு வந்தார். “நீங்கள் வந்தால் இருபத்தொண்டு அண்ணை. உங்களைச் சேர்த்தால் இடாப்பிலை அறுபத்திரண்டு. அப்பவும் இருபத்தொண்டுதான் வேணுமாம், இந்த அக்கா கணக்குப் பாத்திட்டா. என்ரை மனுசன்ரை பேரிலை ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்லை.”

“செத்தவன் கூட்டத்துக்கு வந்தால் சனம் பயந்து ஓடும் பிள்ளை. பிறகு இருபதும் இல்லாமல் போடும்.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கை பாண் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடியது. பதினொரு வருடம் கால் வைக்காத ஊர். யார் முகத்தில் முழிப்பது என்று அவர் யோசிப்பது தெரிந்தது. போக முடியாது என்று சொல்லப் போகிறார் என்று எனக்குப் பட்டது. அப்படிச் சொல்லியிருந்தாலும் நான் குறை நினைத்திருக்க மாட்டேன்.

கடைக்குள் இருந்து மகள் வந்தாள். எல்லாவற்றையும் உள்ளே நின்று கேட்டிருக்கிறாள்.

“போங்கோ அப்பா. ஆனா நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போங்கோ. செத்திட்டார் எண்டு நினைச்ச சனம் வடிவாய்ப் பாக்கட்டும்.”

வழிமொழிய ஆர்?

மறு ஞாயிறு பழைய இருபது பேரையும் மறுபடி இழுத்து வந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். ஒருவரின் ஆட்டுக்குக் குழை வெட்டிக் கொடுத்தேன்.

நான்கு மணி பஸ்ஸில் பஞ்சலிங்கத்தார் வந்து இறங்கினார். சலவை வேட்டி, சால்வை. சிவமலர் ஒரு பக்கம். மண்டபத்துக்குள் அவர் கால் வைத்ததும் பேச்சு நின்றது. யாரும் பயந்து ஓடவில்லை. யாரும் ‘வாங்கோ’ என்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் கையெழுத்துப் புத்தகத்தில் இருபத்தோராவது வரியில் கையெழுத்து வைத்தார். அவர் எழுதி முடியும்வரை தலைவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோரம் இருக்கு” என்றார் தலைவர். “கூட்டத்தைத் துவங்குவம்.”

பதினொரு வருடத்துக்குப் பிறகு தம்பி காதில் விழுந்த அண்ணனின் முதல் வார்த்தை அது.

தேவாரம், கூட்டறிக்கை, அது இது எல்லாம் முடிந்தது. புதிய உறுப்பினர் சேர்ப்பு வந்தது. சிவமலரினதும் மற்றப் பெண்களினதும் பேரை வாசித்தேன். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இரண்டும் செய்யக் கூடாது என்பது யாப்பு. இல்லாவிட்டால் நான் அந்த நேரத்தில் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.

“நான் முன்மொழியிறன்” என்று பஞ்சலிங்கத்தார் எழுந்தார்.

“வழிமொழிய ஆர்?” என்று கேட்டேன்.

எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள், தலைவரின் முகத்தை. பஞ்சலிங்கத்தார் சொன்னதற்குத் துணை சொன்னால் மாஸ்டர் என்ன நினைப்பாரோ என்ற பயம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார். பஞ்சலிங்கத்தார் இருக்காமல் நின்றுகொண்டே இருந்தார். வாசலில் தையல்காரி படிவத்தைச் சுருட்டத் தொடங்கினா.

“நான் வழிமொழியிறன்.”

தலைவர். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்றுகொண்டு சொன்னார்.

“மாஸ்டர், யாப்பிலை தலைவர்...” என்று யாரோ தொடங்கினார்கள்.

“யாப்பு எனக்குத் தெரியும். எழுதும் பிள்ளை.”

எழுதினேன். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று இரண்டு பேர்களும் அடுத்தடுத்த வரியில். இரண்டுக்கும் ஒரே தகப்பன் பேரின் முதலெழுத்து. அண்ணனும் தம்பியும் அன்று வேறு ஏதாவது கதைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணி நேரத்தில் எட்டிப் பார்த்தேன், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

தேத்தண்ணிக்கு முதல், கூட்டம் நடக்கும்போதே, சிவமலர் இடாப்பில் கையெழுத்து வைக்க வந்தார். வைக்க முதல் அதே பக்கத்தில் மேலே விரலை ஓட்டி ரவீந்திரனின் பேரைத் தேடினார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

“இனி ஒருத்தரும் இந்தப் பேருக்கு என்னட்டைக் கையெழுத்துக் கேக்க மாட்டியளோ?”

“நான் செயலாளராய் இருக்கும்வரைக்கும் கேக்க மாட்டம்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள் எத்தினை நாளைக்கு இருப்பியள் அக்கா? அதை யாப்பிலை எழுதுங்கோ. காணாமல் போன ஆளின்ரை பேர் முதல் பக்கத்திலைதான் இருக்கும், வீட்டுக்காரர் தாங்களாய் வந்து சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் போய்க் கேக்கக் கூடாது எண்டு.” குனிந்து கையெழுத்தை வைத்துவிட்டு, பேனையை என்னிடம் நீட்டினார். “நான் இப்ப உறுப்பினர்தானே. நான் முன்மொழியிறன்.”

வழிமொழிய ஆர் என்று நான் கேட்டு முடிக்கவில்லை. முதலில் உயர்ந்த கை என் வீட்டுக்காரருடையது.